பை எனும் மாறிலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்தான் பை. மார்ச் 14 நெருங்கும்போதெல்லாம் அதைப் பற்றிய கேள்விகள் இந்தப் பகுதிக்கு நிறைய வருகின்றன. இம்முறை அவற்றை மட்டுமே எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். சிலர் பையின் நூறு இலக்கங்களை மனப்பாடமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்த உழைப்பைப் பாராட்டுகிறேன். ஆனாலும், பையைக் கொண்டாடுவதற்கு அதன் நீண்ட இலக்க வரிசையைவிட, அது எங்கெங்கு என்னென்ன வேலை செய்கிறது என்பதே தக்க காரணம் என்பது என் உறுதியான எண்ணம். என் பதில்களும் பெரும்பாலும் அந்தப் பக்கமே சாயும்.

கேள்வி: பை நாளுக்கு மார்ச் 14ஐத் தேர்ந்தெடுத்தவர் யார்?

பதில்: மாதத்தை முதலிலும் தேதியை அடுத்தும் எழுதும் அமெரிக்க வழக்கப்படி மார்ச் 14 என்பது 3/14 ஆகிறது, பையின் முதல் மூன்று இலக்கங்களும் அவையே. சான்பிரான்சிஸ்கோவில் உள்ள எக்ஸ்புளோரடோரியம் என்னும் அறிவியல் காட்சியகத்தில் பணியாற்றிய இயற்பியலர் லாரி ஷா, 1988இல் இந்நாளைக் கொண்டாடத் தொடங்கினார். அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை 2009இல் இதை ஆதரித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2019இல் யுனெஸ்கோ இதே நாளைப் பன்னாட்டுக் கணித நாளாக அறிவித்தது. தேதியை முன்னால் எழுதுகிறவர்களில் சிலர் ஜூலை 22ஐக் கொண்டாடுகிறார்கள், ஏனென்றால் அது 22/7. உண்மையான மதிப்புக்கு எது நெருக்கம் என்று பார்த்தால், 3.14ஐவிட 22/7தான் நெருக்கம். அதற்கான கணக்கு கீழே வேறொரு பதிலில் வருகிறது.

கேள்வி: பள்ளிக் கணக்குகளில் பையின் மதிப்பு 22/7 என்று போடுகிறோம். அது ஒரு பின்னம். ஆனால் பை ஒரு விகிதமுறா எண் என்றும் பாடத்தில் படிக்கிறோம். இரண்டும் எப்படிச் சரியாகும்? மேலும், சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் பை என்றால், இரண்டு நீளங்களை வகுத்து வருவது பின்னமாகத்தானே இருக்க வேண்டும்? (பத்தாம் வகுப்பு மாணவி)

பதில்: உங்கள் ஐயத்தின் முதல் பகுதிக்கு விடை எளிது. 22/7 என்பது பை அன்று. பைக்கு அருகிலுள்ள, கையாள வசதியான ஒரு பின்னம். 22ஐ 7ஆல் வகுத்துப் பாருங்கள்: 3.142857142857 என்று 142857 என்ற ஆறு இலக்கங்களும் அதே வரிசையில் திரும்பத் திரும்ப வரும். பையோ 3.141592653589793 என்று தொடங்கி, எந்தக் கட்டத்திலும் அப்படி ஒரு சுழற்சிக்குள் விழாமல் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டும் மூன்றாம் தசம இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

இரண்டாம் பகுதி ஆழமானது. இப்படி ஒரு கேள்வியை எழுப்பியதற்காக உங்கள் ஆசிரியர் மகிழ வேண்டும். நீங்கள் அளவுகோலால் விட்டத்தை அளந்து 7 செ.மீ. என்றும், நூலைச் சுற்றி அளந்து சுற்றளவு 22 செ.மீ. என்றும் எழுதுகிறீர்கள். இவ்விரண்டும் கோலின் கோடுகளுக்குள் அடங்கிய தோராயங்கள். இன்னும் நுண்ணிய கருவியால் அளந்தால் சுற்றளவு 21.99 என்று வரும். அதைவிட நுண்ணியதால் அளந்தால் 21.991 என்று வரும். அந்த வரிசைக்கு முடிவே கிடையாது. விகிதமுறா எண் என்று சொல்லும்போது நாம் பேசுவது கணிதத்தின் குறைவற்ற வட்டத்தைப் பற்றி. அத்தகைய வட்டத்தின் விட்டம் ஏதேனும் ஓர் அலகில் துல்லியமாக ஒரு முழு எண்ணாக அமைந்தால், அதே அலகில் அதன் சுற்றளவை முழு எண்ணாகவோ பின்னமாகவோ எழுதவே முடியாது. சுற்றளவை முழு எண்ணாக வைத்துக்கொண்டால் விட்டம் அடங்காமல் போகும். இரண்டு நீளங்களையும் மீதமின்றி அளக்கும் பொது அலகு எதுவும் இல்லை, அது எவ்வளவு சிறியதாக இருந்தாலும். இதை 1761இல் யோகான் லாம்பர்ட் நிறுவினார். 1882இல் ஃபெர்டினாண்ட் லின்டெமன் ஒரு படி மேலே சென்று, முழு எண் கெழுக்கள் கொண்ட எந்தப் பல்லுறுப்புக்கோவைச் சமன்பாட்டுக்கும் பை தீர்வாக அமையாது என்று காட்டினார். காம்பசும் அளவில்லா வரைகோலும் மட்டுமே கொண்டு, ஒரு வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தை வரைய முடியுமா என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக முயன்றுகொண்டிருந்தவர்களுக்கு, முடியாது என்ற இறுதி விடை அந்த நிறுவலிலிருந்துதான் கிடைத்தது.

கேள்வி: வட்டத்தின் பரப்பளவுக்கு ஏன் பையை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும்? சுற்றளவுக்கு வரும் அதே எண் பரப்புக்கும் வருவது வியப்பாக இருக்கிறது.

பதில்: ‘வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்க’ என்று தொடங்கும், கணக்கதிகாரம் என்னும் பழந்தமிழ்க் கணித நூலின் சூத்திரம் பையைக் குறிப்பிடாமலேயே இதற்கு வழி சொல்கிறது: பாதிச் சுற்றளவைப் பாதி விட்டத்தால் பெருக்கினால் பரப்பு கிடைத்துவிடும். ஒரு காகித வட்டத்தை மையத்திலிருந்து 32 சம துண்டுகளாக வெட்டி, முனைகள் மேலும் கீழும் மாறி மாறி வரும்படி அடுக்கினால், ஏறக்குறைய ஒரு செவ்வகம் உருவாகும். அதன் உயரம் ஆரம். அதன் நீளம் பாதிச் சுற்றளவு. துண்டுகளை மேலும் மேலும் மெல்லியதாக்கினால் அது செவ்வகமாகவே நெருங்கிவிடும். பாதிச் சுற்றளவு என்பது பை பெருக்கல் ஆரம். அதை மறுபடி ஆரத்தால் பெருக்குகிறோம், அவ்வளவுதான்.

கேள்வி: நான் லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். ஒருவர் 3.14 போதும் என்கிறார், ஒருவர் 22/7 என்கிறார், கால்குலேட்டரோ பத்து இலக்கம் காட்டுகிறது. எதைப் பயன்படுத்துவது?

பதில்: ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 22/7ஐப் பயன்படுத்தினால் சுற்றளவு 1.26 மி.மீ. கூடுதலாக வரும். 3.14 என்று போட்டால் 1.59 மி.மீ. குறைவாக வரும். 3.1416 என்று போட்டால் பிழை 0.007 மி.மீ. மட்டுமே. சீனக் கணித அறிஞர் சூ சோங்ழி 5ஆம் நூற்றாண்டில் தந்த 355/113 என்ற பின்னத்தில் பிழை 0.0003 மி.மீ.க்கும் குறைவு. 113355 என்று எழுதி நடுவில் பிரித்து, பின்பாதியை முன்பாதியால் வகுத்தால் அந்தப் பின்னம் கிடைத்துவிடும். நினைவில் வைக்க இதைவிட எளிய, இவ்வளவு துல்லியமான மதிப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

எது போதும் என்பதை உங்கள் அளவுக் கருவிதான் தீர்மானிக்கிறது. அந்தச் சக்கரத்தின் விட்டத்தை டேப்பால் அளக்கும்போது அரை மில்லிமீட்டர் முன்பின் ஆனாலே, சுற்றளவில் 1.6 மி.மீ. வரை பிழை ஏறிவிடும். அந்த வேலைக்கு 3.14 போதும், பத்து இலக்கம் போடுவதால் விடை ஒரு துளியும் திருந்தாது. வெர்னியரால் 0.02 மி.மீ. வரை அளக்கும் 100 மி.மீ. விட்ட வேலைப்பொருள் என்றால் நிலைமை வேறு. அங்கே 22/7 கொண்டுவரும் பிழை உங்கள் அளவுப் பிழையைவிடப் பெரியது, ஆகவே குறைந்தது 3.1416ஐப் பயன்படுத்த வேண்டும். நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம், கோள்களுக்கிடையே கலங்களைச் செலுத்தும் மிக நுட்பமான கணக்குகளுக்குக்கூடப் பையின் 15 தசம இடங்களையே பயன்படுத்துகிறது. 2,400 கோடி கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் சுற்றளவை அந்த மதிப்பால் கணக்கிட்டால், பிழை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான்.

கேள்வி: ஓர் அங்குலக் குழாய் ஒன்றுக்குப் பதிலாக அரை அங்குலக் குழாய்கள் இரண்டைப் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: ஆகாது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நான்கு குழாய்கள் வேண்டும். குறுகிய குழாயில் சுவரின் உராய்வு கூடுதலாகத் தடுப்பதால் அந்த நான்கும்கூடப் பெரிய குழாய் அளவுக்குத் தண்ணீர் தராது. ஒன்றோடொன்று ஒப்பிடும்போது பை இரு பக்கமும் வந்து நீங்கிவிடுகிறது என்பதையும் கவனியுங்கள். கொள்ளளவைக் கணக்கிடும்போதுதான் அது தேவைப்படும்: ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள சதுரத் தொட்டி 1,000 லிட்டர் கொள்ளும், ஒரு மீட்டர் விட்டமும் உயரமும் உள்ள உருளைத் தொட்டி 785 லிட்டர்தான் கொள்ளும். பையின் நான்கில் ஒரு பங்கு 0.7854 என்பதே காரணம்.

கேள்வி: 400 மீட்டர் ஓட்டத்தில் வெளித்தடத்தில் ஓடுபவர் முன்னால் நிற்க வேண்டிய தூரத்தை எப்படிக் கணக்கிடுவது? எங்கள் மைதானத்தில் 200 மீட்டர் தடம்தான் போட முடியும். அதற்கு இந்தத் தூரத்தைப் பாதியாக்கிக்கொள்ளலாமா? (உடற்கல்வி ஆசிரியர்)

பதில்: பாதியாக்கக் கூடாது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். பை எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து குறைவு.

பன்னாட்டுத் தரத்திலான 400 மீட்டர் தடத்தில் இரண்டு நேர்ப்பகுதிகளும் தலா 84.39 மீட்டர், இரண்டு முனைகளும் 36.50 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டங்கள். ஓடுபவர் உள்விளிம்புக்கு மேலேயே ஓட முடியாது என்பதால், முதல் தடத்தின் நீளத்தை விளிம்பிலிருந்து 30 செ.மீ. தள்ளி அளக்கிறார்கள். ஆகவே வளைவின் கணக்கு ஆரம் 36.80 மீட்டர். இரண்டு அரைவட்டங்கள் சேர்ந்து ஒரு முழு வட்டம்: 2 × பை × 36.80 = 231.22 மீட்டர். நேர்ப்பகுதிகள் இரண்டும் 168.78 மீட்டர். கூட்டினால் சரியாக 400.

இனி இரண்டாம் தடம். ஒவ்வொரு தடமும் 1.22 மீட்டர் அகலம். இரண்டாம் தடம் முதல், உள்கோட்டிலிருந்து 20 செ.மீ. மட்டும் தள்ளி அளப்பது விதி. எனவே அதன் கணக்கு ஆரம் 36.50 + 1.22 + 0.20 = 37.92 மீட்டர். முதல் தடத்தைவிட 1.12 மீட்டர் கூடுதல். இந்த 1.12ஐ 2 × பையால் பெருக்கினால் 7.04 மீட்டர் வருகிறது. இரண்டாம் தடக்காரர் அவ்வளவு தூரம் முன்னால் நிற்கிறார். அதற்குப் பின் ஒவ்வொரு தடத்துக்கும் ஆர வேறுபாடு முழு 1.22 மீட்டர் என்பதால், ஒவ்வொருவரும் முந்தையவரைவிட 7.67 மீட்டர் முன்னால் நிற்க வேண்டும். எட்டாம் தடக்காரர் முதல் தடக்காரரைவிட 53.03 மீட்டர் முன்னால் இருப்பார்.

இந்தக் கணக்கில் 36.50 என்ற ஆரம் இறுதி விடையில் எங்குமே இல்லை. இரண்டு சுற்றளவுகளின் வேறுபாடு, ஆரங்களின் வேறுபாட்டை மட்டுமே பொறுத்தது. வட்டம் பெரியதா சிறியதா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஆகவே உங்கள் 200 மீட்டர் தடத்திலும் தடத்தின் அகலம் 1.22 மீட்டராகவே இருந்தால், ஒரு முழுச் சுற்றுக்கு அதே 7.04, அதே 7.67தான். ஓட்டம் முழுவதும் அவரவர் தடத்திலேயே இரண்டு சுற்று ஓடச் செய்தால் அது இரட்டிப்பாகும். அகலத்தை ஒரு மீட்டராகக் குறைத்தால் 7.67 என்பது 6.28 ஆகும்.

இதே உண்மையின் இன்னொரு வடிவம் பலரையும் நம்ப முடியாமல் திகைக்க வைக்கும். பூமியின் நடுக்கோட்டைச் சுற்றி இறுக்கமாக ஒரு கயிறு கட்டியிருப்பதாகக் கொள்ளுங்கள். அதன் நீளத்தை ஒரே ஒரு மீட்டர் கூட்டி, எல்லா இடத்திலும் சமமாக உயர்த்தினால், தரைக்கும் கயிற்றுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வரும்? ஒன்றை 2 × பையால் வகுத்தால் 0.159, அதாவது ஏறத்தாழ 16 செ.மீ. ஒரு பந்தைச் சுற்றிய கயிற்றில் ஒரு மீட்டர் கூட்டினாலும் அதே 16 செ.மீ.தான்.

கேள்வி: மின்னியல் கணக்குகளில் எப்போதும் 314 என்ற எண்ணைப் போடச் சொல்கிறார்கள். மின்கம்பியில் வட்டமே இல்லையே, பை எங்கிருந்து வந்தது? (பாலிடெக்னிக் மாணவர்)

பதில்: வட்டம் கம்பியில் இல்லை, மின்னோட்டத்தைப் பிறப்பிக்கும் இயந்திரத்தில் இருக்கிறது. நொடிக்கு 50 சுழற்சி கொண்ட மாறுதிசை மின்சாரத்தைத் தரும் இருதுருவ மின்னாக்கியின் சுழலி, நொடிக்கு 50 முறை, அதாவது நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றுகிறது. ஒரு முழுச் சுற்றில் கடக்கும் கோணம் 2 × பை ரேடியன். 50 சுற்றுக்கு 100 × பை, அதாவது 314.16 ரேடியன். பையின் இலக்கங்களே அப்படியே வந்து நிற்பதற்குக் காரணம் இந்த நூறுதான். 60 சுழற்சி மின்சாரம் உள்ள நாடுகளில் இதே இடத்தில் 377 என்று போடுவார்கள். ஒரு ஹென்றி மின்தூண்டியின் எதிர்வினைப்பு, அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, 50 சுழற்சியில் 314 ஓம் என்பதும் இதிலிருந்து வருவதே.

சுழல்வது, ஆடுவது, அதிர்வது என எதுவாயினும், ஒரே இயக்கம் சீராகத் திரும்பத் திரும்ப நிகழும் இடத்தில் பை வந்துவிடும். ஊசலைப் பாருங்கள். சிறிய வீச்சில் ஆடும் ஊசலின் ஒரு முழு அலைவுக்கு ஆகும் காலம், அதன் நீளத்தை ஈர்ப்பு முடுக்கத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 2 × பையால் பெருக்கினால் கிடைக்கும். ஒரு பக்கம் போக ஒரு நொடி, திரும்ப ஒரு நொடி என்று ஆடும் ஊசலின் நீளம் 99.4 செ.மீ. அளவில், ஒரு மீட்டருக்கு மிக அருகில் அமைகிறது. 1790இல் பிரான்சில் புதிய நீள அலகை உருவாக்க முனைந்தபோது, இந்த நொடி ஊசலின் நீளத்தையே மீட்டராக வைக்கலாம் என்ற திட்டம் முன்வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் அதை விட்டுவிட்டு, வட துருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரையுள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வரையறுத்தார்கள். இரண்டு நீளங்களும் மிக நெருங்கியிருந்தன. ஊசல் வரையறை நிலைத்திருந்தால், அந்த ஊசல் ஆடும் இடத்தின் ஈர்ப்பு முடுக்கம் துல்லியமாகப் பையின் வர்க்கமாகவே இருந்திருக்கும். இன்று நாம் பயன்படுத்தும் 9.8 என்ற மதிப்பும், பையின் வர்க்கமான 9.87ம் இவ்வளவு அருகருகே நிற்பதற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: புள்ளியியலில் மணி வடிவ வளைகோடாக வரும் இயல்நிலைப் பரவலின் வாய்பாட்டிலும் பை வருகிறதே?

பதில்: அங்கும் ஒரு வட்டம் மறைந்திருக்கிறது. ஒன்றையொன்று சாராத இரண்டு இயல்நிலை அளவுகளைக் கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் வைத்துப் புள்ளிகள் குறித்தால், ஓரிடத்தில் புள்ளி விழும் வாய்ப்பு, அந்த இடம் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதை மட்டுமே பொறுத்திருக்கும், திசையைப் பொறுத்திராது. சம வாய்ப்புள்ள இடங்களை இணைத்தால் வட்டங்கள் கிடைக்கும். அந்த வட்டங்களின் வழியே பரப்பைக் கூட்டும்போது 2 × பை நுழைகிறது. ஒரே அளவுக்குத் திரும்பும்போது அது வர்க்கமூலத்துக்குள் போகிறது.

கேள்வி: பையை முதலில் கண்டுபிடித்தவர் ஆர்க்கிமிடீசா, ஆரியபட்டரா?

பதில்: சுற்றளவு விட்டத்தைப் போல மூன்று மடங்குக்குச் சற்றுக் கூடுதல் என்பது இவ்விருவருக்கும் மிக முன்பே பல நாகரிகங்களுக்குத் தெரியும். யார் முதலில் என்பதைவிட யார் எப்படி என்று கேட்பதே பயன் தரும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ், வட்டத்தின் உள்ளேயும் வெளியேயும் ஓர் அறுகோணத்தை வரைந்து, பக்கங்களை 12, 24, 48, 96 என இரட்டித்துக்கொண்டே போனார். உட்பலகோணத்தின் சுற்றளவு வட்டத்தினுடையதைவிடக் குறைவு, வெளிப்பலகோணத்தினுடையது கூடுதல். ஆகவே பை 223/71க்கும் 22/7க்கும் இடையே இருந்தாக வேண்டும் என்று நிறுவினார். மதிப்பை மட்டும் சொல்லாமல், பிழை எவ்வளவுக்குள் அடங்கும் என்பதையும் சொன்னதில்தான் அவருடைய மேதைமை இருக்கிறது.

ஆரியபட்டர் கி.பி. 499இல், நூற்று நான்கை எட்டால் பெருக்கி அறுபத்திரண்டாயிரத்தைக் கூட்டினால், இருபதாயிரம் விட்டமுள்ள வட்டத்தின் சுற்றளவு தோராயமாகக் கிடைக்கும் என்றார். 62,832ஐ 20,000ஆல் வகுத்தால் 3.1416. தோராயம் என்று அவரே சொல்லியிருப்பது குறிப்பிடத்தக்கது.

என் மனம் மிகவும் நின்றுபோவது இவ்விருவருக்கும் பின்வந்த, கேரளத்தின் சங்கமகிராமத்து மாதவரிடம். 14ஆம் நூற்றாண்டில் பிறந்த அவர், பலகோணங்களை விட்டுவிட்டு முடிவிலாத் தொடரைக் கையாண்டார்: பையின் நான்கில் ஒரு பங்கு என்பது 1 − 1/3 + 1/5 − 1/7 + 1/9 என முடிவின்றித் தொடரும் கூட்டல். ஐரோப்பாவில் இது 17ஆம் நூற்றாண்டில்தான் அறியப்பட்டது. இத்தொடர் மிக மெதுவாக நெருங்கும். முதல் ஐந்து உறுப்புகளைக் கூட்டி நான்கால் பெருக்கினால் 3.3397 என்று வெகுதூரத்தில் நிற்கும். ஆயிரம் உறுப்புகள் எடுத்தாலும் மூன்றாம் தசம இடத்திலேயே தடுமாறும். இந்தக் குறையை மாதவரும் அவர் வழிவந்தோரும் ஒரு திருத்த உறுப்பைச் சேர்த்துப் போக்கினார்கள். ஐந்து உறுப்புகளோடு நிறுத்தினால், அவர்கள் முறைப்படி 26/525ஐ நான்கால் பெருக்கி, கிடைத்த 0.198095ஐக் கழிக்க வேண்டும். விடை 3.141587. ஐந்தே உறுப்புகளில் நான்கு தசம இடங்கள் சரியாக வந்துவிட்டன. ஒரு தாளும் பேனாவும் எடுத்து நீங்களே போட்டுப் பாருங்கள். மாதவர் பெயரால் வழங்கும் மதிப்பு 11 தசம இடங்கள் வரை சரியானது. இத்தனைக்கும் பை என்ற கிரேக்க எழுத்தை இந்த எண்ணுக்கு வில்லியம் ஜோன்ஸ் பயன்படுத்தியது 1706இல்தான். அதைப் பரப்பியவர் ஆய்லர்.

கேள்வி: பை நாளில் பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய ஏதேனும் சோதனை சொல்லுங்கள்.

பதில்: இரண்டு சொல்கிறேன். முதலாவது, மூடி, தட்டு, சக்கரம் என வெவ்வேறு அளவுள்ள வட்டப் பொருள்களின் விட்டத்தையும் சுற்றளவையும் அளந்து வரைபடத்தாளில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். எல்லாப் புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் வந்து விழுவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்கு, மாறிலி என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, பிரெஞ்சு அறிஞர் பூஃபோன் 1777இல் வெளியிட்ட கணக்கு. மருந்து முனை நீக்கிய தீக்குச்சிகளை எடுத்துக்கொண்டு, ஒரு பெரிய தாளில் குச்சியின் நீளத்துக்குச் சமமான இடைவெளியில் இணைகோடுகள் வரையுங்கள். குச்சிகளைக் கண்டபடி விழ விட்டு, எத்தனை குச்சிகள் ஏதேனும் ஒரு கோட்டைத் தொட்டன என்று எண்ணுங்கள். மொத்த வீச்சுகளை இரண்டால் பெருக்கி, தொட்டவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் பையை ஒட்டிய மதிப்பு கிடைக்கும். குச்சி விழும் கோணம் எதுவாகவும் இருக்கலாம் என்பதே பை இங்கே வரக் காரணம். 200 முறை போட்டால் 3க்கும் 3.3க்கும் இடையே ஏதோ ஒரு மதிப்பு வருவது இயல்பு. 3.14 வரவில்லை என்று பிள்ளைகள் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; எண்ணிக்கை நூறு மடங்கானால்தான் பிழை பத்தில் ஒரு பங்காகும்.

கேள்வி: எல்லாருடைய பிறந்த தேதியும் பைக்குள் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பதில்: முதல் 20 கோடி இலக்கங்களுக்குள் தேடினால், எட்டு இலக்கத்தில் எழுதிய ஒரு பிறந்த தேதி கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 86 விழுக்காடு. சற்றும் ஒழுங்கின்றி வரும் எந்த இலக்க வரிசைக்கும் இது பொருந்தும். பைக்கே உரிய சிறப்பு அன்று. எல்லா எண் வரிசைகளும் பைக்குள் அடங்கியுள்ளன என்ற கூற்றை இதுவரை யாரும் நிறுவவில்லை. இலக்கங்கள் முடிவின்றி, சுழற்சியின்றிப் போகின்றன என்பதிலிருந்து மட்டும் அந்த முடிவுக்கு வர இயலாது. பிள்ளைகளுக்குச் சொல்ல உறுதியான செய்தி வேண்டுமென்றால் இவற்றைச் சொல்லலாம்: பூச்சியம் முதன்முதலில் வருவது 32ஆம் தசம இடத்தில், 762ஆம் இடத்திலிருந்து ஆறு ஒன்பதுகள் அடுத்தடுத்து வருகின்றன.

கேள்வி: 15 இடங்களே போதும் என்றால், கோடிக்கணக்கான இலக்கங்களை ஏன் கணக்கிடுகிறார்கள்? அவை சரிதான் என்று எப்படித் தெரியும்?

பதில்: வில்லியம் ஷாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் கையாலேயே கணக்கிட்டு, 1873இல் 707 தசம இடங்களை வெளியிட்டார். 528ஆம் இடத்தில் பிழை நேர்ந்து, அதற்குப் பின் வந்தவை எல்லாம் தவறாகிவிட்டன என்பது 1940களில்தான் தெரிய வந்தது. 1949இல் எனியாக் கணினி 2,037 இலக்கங்களை ஏறத்தாழ 70 மணி நேரத்தில் தந்தது. அன்றுமுதல் இப்பணி கணினிகளின் உறுதியைச் சோதிக்கும் வழியாகவும், மிகப் பெரிய எண்களை விரைவாகப் பெருக்கும் முறைகளுக்கான களமாகவும் இருந்துவருகிறது. அந்தப் பெருக்கல் முறைகள் வேறு பல கணக்குகளுக்கும் உதவுகின்றன.

இங்கே இராமானுசன் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1914இல் அவர் வெளியிட்ட தொடர்களுள் ஒன்றின் முதல் உறுப்பை மட்டும் எடுத்தாலே, 9801ஐ 2206 மற்றும் இரண்டின் வர்க்கமூலம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுக்கும் கணக்காகி, 3.14159273 கிடைக்கிறது, ஆறு தசம இடங்கள் சரி. ஒவ்வோர் உறுப்பும் மேலும் எட்டு இலக்கங்களைச் சேர்க்கும். 1985இல் வில்லியம் கோஸ்பர் இதைக் கொண்டே ஒரு கோடியே எழுபத்தைந்து லட்சம் இலக்கங்களைக் கணக்கிட்டார். இதே வகையில் சுட்னோவ்ஸ்கி சகோதரர்கள் அமைத்த வாய்பாடு உறுப்புக்கு 14 இலக்கங்கள் தருகிறது. கூகுளைச் சேர்ந்த எம்மா ஹருகா இவாவோ 2022இல் நூறு லட்சம் கோடி இலக்கங்களை எட்டியது அதைக் கொண்டுதான். அந்தச் சாதனையும் பின்னர் முறியடிக்கப்பட்டுவிட்டது.

சரிபார்ப்பதற்கு, 1995இல் கண்டறியப்பட்ட வேறொரு வாய்பாடு உதவுகிறது. பத்துக்குப் பதிலாகப் பதினாறை அடிமானமாகக் கொண்ட எண்முறையில், முந்தைய இலக்கங்களைக் கணக்கிடாமலேயே, வேண்டிய ஓரிடத்து இலக்கத்தை மட்டும் அது நேரடியாகத் தந்துவிடும். நீண்ட கணக்கின் கடைசிப் பகுதியை இதனுடன் ஒப்பிடுகிறார்கள். பல மாதங்கள் ஓடிய கணக்கில் இடையில் எங்கேனும் ஓர் இலக்கம் பிசகியிருந்தால், அதன்பின் வருபவை எல்லாம் மாறி, கடைசிப் பகுதி பொருந்தாமல் போய்விடும்.